விசேஷமில்லாத நாளின் ஆடை

நம் குடும்பங்களில் ஒரு பட்டுப் புடவை எடுக்க வேண்டுமென்றால், அதற்கு நாள் பார்ப்பதும், நாலு பேர் சேர்ந்து காஞ்சிபுரத்துக்கோ தியாகராய நகருக்கோ புறப்படுவதும், கடைக்காரர் சலிக்காமல் விரித்துப் போடும் புடவைகளையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கரையையும் முந்தானையையும் பற்றி வாதப் பிரதிவாதங்கள் செய்வதும், கடைசியில் மாமியாருடைய அபிப்பிராயத்துக்கும் மகளுடைய அபிப்பிராயத்துக்கும் நடுவே ஒரு சமரசம் கண்டு வீடு திரும்புவதும் வழக்கமாக இருக்கிறது. அத்தனை பிரயாசையோடு வாங்கிய புடவை, வருஷத்தில் இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரு தீபாவளிக்கும் வெளியே வந்து உலவிவிட்டு, மறுபடியும் பீரோவுக்குள் வெள்ளைத் துணி உறையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மற்ற நாட்களில், அதாவது சமைக்கிற, பஸ் ஏறுகிற, கணினிக்கு முன் உட்காருகிற, பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்து வருகிற, மருந்துக் கடைக்கு நடக்கிற சாமானிய நாட்களிலெல்லாம் ஒரு பெண் உடுத்துவது எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் யாரும் யோசித்து வாங்காத துணி. ஆடித் தள்ளுபடியில் ஒன்றுக்கு ஒன்று இலவசமாக வந்தது, தங்கை வேண்டாமென்று ஒதுக்கியது, விசேஷத்துக்கென்று வாங்கிச் சாயம் மங்கியபின் பதவி இறக்கப்பட்டது. சரீரத்தோடு நாள் முழுதும் உறவாடுகிற ஆடைக்கு ஒரு நிமிஷ யோசனையும், சில மணி நேரம் வந்து போகிற ஆடைக்கு ஒரு மாத யோசனையும் செலவிடுகிற இந்த விபரீதக் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

இந்த அலட்சியத்தின் நடுவிலும், எவருடைய உத்தரவும் இல்லாமல், எந்த நாகரிக நிபுணரும் வரைந்து கொடுக்காமல், தமிழ்நாட்டு வீடுகளைத் தானாகவே வெற்றி கொண்ட உடை ஒன்று உண்டு. அது நைட்டி. அந்தரங்கமாக உள் அறைக்குள் நுழைந்த அது, படிப்படியாகச் சமையலறைக்கும், வாசல் கோலத்துக்கும், பால் வாங்கவும், தெருமுனைக் கடை வரைக்கும் முன்னேறிவிட்டது. தோளில் ஒரு துண்டோ ஷாலோ விழுந்துவிட்டால் போதும், அது வெளி உடையாகிவிட்டதென்று ஊரும் ஒப்புக்கொண்டுவிட்டது. அதைப் பழித்தவர்களுக்குக் குறைவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெற்று மார்போடு திண்ணையில் காற்று வாங்கும் கனவான்களே அந்தப் பழிப்பில் முன்னின்றார்கள் என்பது கவனிக்கத் தக்கது. 2018-ஆம் வருஷத்தில் ஆந்திர தேசத்து மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தொகலப்பள்ளி என்கிற கிராமத்துப் பெரியவர்கள், காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை நைட்டியோடு காணப்படும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்றும், காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் சன்மானம் என்றும் விதித்து, பத்திரிகைகளில் அடிபட்டார்கள். அபராதம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு ஒரு உடையின்மேல் ஜனங்களுக்குப் பற்று இருக்குமானால், அந்தப் பற்றுக்கு என்ன காரணம் என்று விசாரிப்பதே விவேகம்.

காரணம் தெளிவாகவே இருக்கிறது. நைட்டியின் பாரம் முழுவதையும் தோள் தாங்குகிறது. இடுப்பை இறுக்க நாடா இல்லை, வயிற்றைப் பிடிக்க எலாஸ்டிக் இல்லை, நழுவுமோ என்று பயந்து கையால் பிடித்துக்கொள்ள ஒரு முனையும் இல்லை. கீழிருந்து ஏறும் காற்று உடம்பைத் தடவிக் கழுத்து வழியே வெளியேறுகிறது. தலை வழியாக ஒரே வீச்சில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளை பெற்றவளுக்கு முன்பக்கம் ஜிப் வைத்தது கிடைக்கிறது. துவைத்து உதறிப் போட்டால் இஸ்திரி கேட்காது. ஆக, உஷ்ணப் பிரதேசத்து அன்றாட உடைக்கு இருக்க வேண்டிய லக்ஷணங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன; இல்லாதது கௌரவம் ஒன்றுதான். அந்தக் கௌரவத்தையும் சேர்த்து, இதே தத்துவத்தை நல்ல துணியில், ஒழுங்கான தோள் அளவோடு, கணுக்கால் வரைக்கும் அல்லது முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரைக்கும் தைத்துக்கொண்டால், அதுதான் இப்போது கடைகளில் ஏ-லைன் குர்த்தி என்றும், மேக்ஸி என்றும், கஃப்தான் என்றும் பல நாமங்களோடு தொங்குவது. நைட்டியில் சௌகரியமாக இருக்கிற பெண், வெளியே போவதற்கென்று அதற்கு நேர் விரோதமான ஒன்றில் தன்னை அடைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

புடவையின் விஷயம் இவ்வளவு சுலபமன்று. அது அசௌகரியமான உடை என்று இக்காலத்து யுவதிகள் சொல்லுவதும், அதைவிட சௌகரியமானது உலகத்திலேயே இல்லையென்று அவர்களுடைய பாட்டிமார்கள் சொல்லுவதும், இரண்டுமே உண்மைதான்; ஏனென்றால் இருவரும் பேசுவது ஒரே புடவையைப் பற்றியல்ல. செட்டிநாட்டுப் பெண்கள் கட்டின கண்டாங்கி, கட்டமும் கோடும் அகலக் கரையுமாக, கணுக்கால் தெரிகிற உயரத்தில், கொசுவம் பின்பக்கம் வருமாறு கட்டப்பட்டது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அந்தப் பின்கொசுவக் கட்டின் சூட்சுமத்துக்கு எவரும் குறியீடு கொடுக்கவில்லை. முன்னால் கால் தடுக்காமல் வயலிலும் அடுக்களையிலும் முற்றத்திலும் நடமாட ஏற்ற கட்டு அது. அந்த எளிய வஸ்திரத்தைச் சுற்றிக் காலப்போக்கில் ஒரு பரிவாரமே சேர்ந்துவிட்டது: தரையைத் தொடும் நீளம், அதைக் காப்பாற்ற ஃபால்ஸ், உள்ளே நாடா போட்ட உள்பாவாடை, மூச்சை அளந்து விடச் சொல்லும் லைனிங் ரவிக்கை, முதுகுப் பக்கம் கைக்கெட்டாத ஹூக்குகள், மடிப்புக்கு ஒன்று தோளுக்கு ஒன்று என்று ஊக்குகள். வேர்ப்பதும் குத்துவதும் இறுக்குவதும் இந்தப் பரிவாரந்தான். பழி மட்டும் புடவைக்குப் போகிறது.

அந்தப் பரிவாரத்தில் நாடாவைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். இடுப்பில் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நாடாவை இறுக்கிக் கட்டுவதால் தோல் கறுத்து, தடித்து, சொறிந்து புண்ணாவதை நம்மில் அநேகம் பெண்கள் விதியென்று சகித்துக்கொள்கிறார்கள். 2024-ஆம் வருஷம் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள், பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவப் பத்திரிகையில், அப்படி ஆறாத புண் புற்றாக மாறிய இரண்டு முதிய பெண்களின் கதையை வெளியிட்டார்கள். ஒருத்தி உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியவள்; மற்றொருத்தி உள்பாவாடையே இல்லாமல் சேலையை இடுப்பில் இறுக்கிச் சுற்றியவள். இது அபூர்வமான கேடு. பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் அதைத் தவிர்க்கும் உபாயம் அற்பமாக இருக்கும்போது தவிர்க்காமல் இருப்பானேன்? நாடாவுக்குப் பதிலாக இரண்டு விரல் அகலமுள்ள பட்டி வைத்த உள்பாவாடை தைக்கச் சொல்லலாம். முடிச்சை ஒரு நாள் வலப்புறமும் மறுநாள் இடப்புறமும் மாற்றலாம். வீடு திரும்பியதும் தளர்த்திவிடலாம். பருத்திப் பேன்ட்டின்மேலோ லெக்கிங்ஸின்மேலோ புடவையைச் சுற்றி, அதன் இடுப்புப் பட்டியிலேயே கொசுவத்தைச் செருகிக்கொள்ளும் இளம்பெண்கள் நம் தெருக்களில் பெருகியிருக்கிறார்கள். சில மூத்தவர்கள் முகஞ்சுளிக்கிறார்கள் என்றாலும், அது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதே என் கட்சி. ரவிக்கைக்குப் பதில் ஒரு தளர்ந்த பருத்திச் சட்டையையோ கழுத்தோடு ஒட்டிய டி-ஷர்ட்டையோ போட்டுக்கொண்டு அதன்மேல் மெல்லிய மல்மல் புடவையைக் கட்டுவதும் அப்படியே. முன்பக்கம் பொத்தான் வைத்த ரவிக்கையை மட்டும் எந்த வயதிலும் கைவிடாதிருப்பது நல்லது. தோள்மூட்டு பிடித்துக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத நாள் வந்தபிறகுதான் அதன் அருமை விளங்குகிறது.

அன்றாடப் புடவை வாங்கும்போது கரையைப் பார்ப்பதற்கு முன்னால் நூலின் நம்பரைக் கேட்க வேண்டும். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுதான் நூலின் நம்பர்; ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும், புடவை லேசாகும். 60-ஆம் நம்பர் புடவை உழைக்கும். 100-ஆம் நம்பர் புடவை உடம்பில் இருப்பதே தெரியாது, ஆனால் பஸ் கம்பியில் மாட்டினால் கிழியும். அலுவலகம் போகிறவளுக்கு இரண்டுக்கும் நடுவில் 80 சரியாக இருக்கும். கோ-ஆப்டெக்ஸ் போன்ற கைத்தறிக் கடைகளில் கேட்டால் இதைச் சொல்லுவார்கள். கஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போட்டால் பருத்தி சற்றே விறைத்து உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்கும், இடையில் காற்று ஓடும். கெட்டியாகப் போட்டாலோ நெசவின் கண்களெல்லாம் அடைபட்டுப் போகும். காலையில் எட்டு மணிக்கு மின்சார ரயிலைப் பிடிக்கிறவளுக்குக் கஞ்சி போடவும் இஸ்திரி போடவும் நேரமேது என்று கேட்டால், அவளுக்குக் கஞ்சியே வேண்டாத மல்மல்தான் இருக்கிறதே.

இனி, சுடிதாரின் கதை. வடக்கத்தி உடை என்று தயங்கி வரவேற்கப்பட்ட இது, முதலில் கல்லூரி மாணவிகளுடையதாகவும், பிறகு வேலைக்குப் போகும் பெண்களுடையதாகவும், கடைசியில் அவர்களுடைய தாய்மார்களுடையதாகவும் ஆகிவிட்ட வேகம், நம் சமூக சரித்திரத்தில் எழுதப்பட வேண்டிய அத்தியாயம். தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் வெளியான உடை பற்றிய ஆணை, புடவைக்குப் பக்கத்திலேயே சல்வார் கமீஸையும் சுடிதாரையும் துப்பட்டாவோடு வைத்து எழுதியது. சர்க்காரே அங்கீகரித்த பின்னால் சம்பிரதாயம் என்ன செய்யும்? ஆனால் அறுபதைத் தாண்டிய பெண்களிடம் சுடிதாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இரண்டு காரியங்கள் என்று எனக்குப் படுகிறது. ஒன்று, மகளுடைய பிரசவத்துக்கென்று அமெரிக்காவுக்கு ஏறிய விமானம். அங்கே குளிரிலும் பனியிலும் புடவை உதவாதென்று மகள் வாங்கி வைத்திருந்த பேன்ட்டையும் குர்த்தியையும் வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்ட அம்மாக்கள், ஆறு மாதம் கழித்து மாம்பலத்துக்குத் திரும்பியபோது அவற்றைப் பெட்டியில் விட்டுவிட்டு வரவில்லை. மற்றொன்று, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தெழுதிவிட்டுத் தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டுமென்று டாக்டர் சொன்ன உத்தரவு. கடற்கரையிலும் பூங்காக்களிலும் விடியற்காலையில் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கிற மாமிகளைப் பார்த்துச் சிரித்த தலைமுறை, இன்று அவர்களே குர்த்தியும் பேன்ட்டுமாக வீசி நடப்பதைக் கண்டு ஆச்சரியப்படுவதைக்கூட நிறுத்திவிட்டது.

ஆயினும், வயசுக்குத் தக்க உடை என்ற ஓர் அபிப்பிராயம் இன்னும் நம்மிடையே உத்தியோகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அது பெரும்பாலும் நிறத்தின்மேல் பாய்கிறது. ஐம்பதைக் கடந்தவள் மாம்பழ மஞ்சளை எடுத்தால், கடையில் கூட வந்திருக்கும் யாராவது ஒருவர் அதை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிச் சாம்பல் நிறத்தை வைப்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவளுக்கு ஜீன்ஸ் எதற்கென்று அந்தப் பேரனே கேட்பான். பெண்ணின் பிராயத்தை அவளுடைய நிறத்தைக் குறைத்துக் காட்டும் இந்த வழக்கத்துக்குச் சரீர சாஸ்திரத்தில் யாதொரு ஆதாரமும் இல்லை. கைம்பெண்ணை வெள்ளைக்குள் தள்ளிய பழைய கொடுமையின் தேய்ந்த மிச்சம் அது. வயது மெய்யாகவே மாற்றுவது வேறு சிலவற்றை. தோள் முன்போலத் திரும்பாது. ஆகவே முன்திறப்பு வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வேர்க்கும். ஆகவே கனத்த ஒற்றை உடையைவிட, மேலே கழற்றக்கூடிய மெல்லிய பருத்திக் கோட்டோடு சேர்ந்த இரட்டை உடை உத்தமம். சாயங்காலம் கால் வீங்கும். ஆகவே கணுக்காலை இறுக்காத பேன்ட் வேண்டும். தோல் மெலியும், ஆகவே ஜரிகையும் சமிக்கியும் கழுத்தோரத்தில் உரசக் கூடாது. இவையெல்லாம் வெட்டிலும் தையலிலும் செய்துகொள்ளும் மாறுதல்கள். மாம்பழ மஞ்சளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. சின்னப் பெண்ணுக்கும் இதே நீதிதான்: அக்கினி நட்சத்திர வெயிலில் கனத்த டெனிம் ஜீன்ஸுக்குள் ஒரு பதினெட்டு வயதுப் பெண் வெந்துகொண்டிருப்பதற்கு இளமை ஒரு சமாதானம் ஆகாது.

துணியின் குணத்தைப் பற்றிச் சிறிது சாஸ்திரமாகவே பேசலாம். நன்றாக உலர்ந்த 100 கிராம் பருத்தியை மிதமான ஈரமுள்ள காற்றில் வைத்தால் அது ஏறக்குறைய 8.5 கிராம் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மரக்கூழிலிருந்து எடுத்த ரேயான் 11 முதல் 13 கிராம் வரை இழுக்கும். பாலியெஸ்டரோ அரைக் கிராம்கூட இழுக்காது. கடலோரத்துச் சென்னையில், காற்றே ஈரமாக இருக்கும்போது, வேர்வைக்குப் போக இடமில்லாமல் பாலியெஸ்டர் குர்த்தி முதுகோடு ஒட்டிக்கொள்வதன் ரகசியம் இதுதான். ஆனால் பருத்திக்கும் ஒரு குறை உண்டென்பதை மறைக்கக் கூடாது. குடித்த வேர்வையை அது சீக்கிரம் விடாது. ஓட்டம், பூப்பந்து, உடற்பயிற்சிக் கூடம் என்று உடம்பு நனைய நனைய உழைக்கிறவளுக்கு, மெல்லிய கண்ணறைகளோடு பின்னப்பட்ட பாலியெஸ்டர் பனியனே சீக்கிரம் காயும். ரேயான் வழவழப்பாக விழும், வாங்கும்போது மனசைக் கவரும். ஆனால் நனைந்தால் பலம் இழக்கும், முதல் துவைப்பிலேயே சுருங்கும். ஆதலால் அதை முறுக்கிப் பிழியாமல், வாங்கும்போதே நீளம் சற்றுத் தாராளமாகப் பார்த்து எடுப்பது நல்லது. லினன் கசங்கும், கசங்கட்டும், அது அதன் சுபாவம். காட்டன் சில்க் என்ற நாமதேயத்தோடு வருவனவற்றில் பலவற்றில் காட்டனும் கிடையாது, சில்க்கும் கிடையாது. சந்தேகமானால் ஓரத்து நூல் ஒன்றை உருவி நெருப்பில் காட்டலாம்: பருத்தியென்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டரென்றால் உருகிக் கறுத்த மணியாகக் கெட்டிப்படும். கடைக்குள்ளேயே இந்தப் பரீட்சையைச் செய்ய வேண்டாம்.

லெக்கிங்ஸை நம் பெண்களுக்கு இவ்வளவு மலிவாகக் கொடுத்தது திருப்பூர். பருத்தியோடு நூற்றுக்கு ஐந்து பங்கு போல் ஸ்பேன்டெக்ஸ் என்ற இழுபடும் நூலைச் சேர்த்துப் பின்னுவதால் அது காலோடு வளைந்து கொடுக்கிறது. லைக்ரா என்று பெயர் பெற்ற அந்த நூலை 1958-இல் அமெரிக்காவின் டியூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற ரசாயனி கண்டுபிடித்தார். லெக்கிங்ஸுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அதன்மேல் வரும் குர்த்தி முழங்காலைத் தொட வேண்டும், துணி தடிப்பாக இருக்க வேண்டும், உட்கார்ந்து பார்த்தால் இழுபட்ட இடத்தில் நிறம் வெளுக்கக் கூடாது. மற்றபடி, தொடையோடு ஒட்டும் அந்த உடை கோடைக்கு ஏற்றதென்று நான் சொல்ல மாட்டேன். அதன் இடத்தைக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் நேர்ப் பேன்ட்டும், காற்றை உள்ளே விடும் பலாஸோவும் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டு வருவதில் எனக்குச் சந்தோஷமே.

சரி, கையில் இருப்பனவற்றை எப்படிச் சேர்த்து உடுத்துவது? மேலே தளர்ந்தால் கீழே ஒடுங்கட்டும், கீழே விரிந்தால் மேலே அளவாக நிற்கட்டும் என்பது பொதுவான முறை. பலாஸோவோடு இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிகிற குட்டைக் குர்த்தி எடுப்பாக இருக்கும். நேர்ப் பேன்ட்டோடு முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளக் குர்த்தி கம்பீரமாக இருக்கும். இரண்டும் ஒரே துணியில் வரும் கோ-ஆர்ட் செட் இப்போது எங்கும் காணப்படுகிறது. யோசிக்கத் தெம்பில்லாத காலைக்கு அது வரப்பிரசாதம். அதைப் பிரித்து, மேலாடையை ஜீன்ஸோடும் கீழாடையை வெள்ளைச் சட்டையோடும் போட்டுக்கொண்டால் ஒரு செட் மூன்றாகிவிடுகிறது. பேன்ட்டுகளில் கறுப்பு, சந்தன வெள்ளை, அவுரி நீலம் என்று மூன்று இருந்துவிட்டால், பூப்போட்டதோ கட்டம் போட்டதோ எந்தக் குர்த்தியும் அவற்றில் ஒன்றோடு சிநேகமாகிவிடும்; பூவோடு பூவைச் சேர்ப்பது கைதேர்ந்தவர்கள் வேலை. நம் ஊர்த் துணிகளுக்கு இங்கே நல்ல இடமுண்டு. சௌராஷ்டிரச் சமூகத்தார் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புகழ் பெறச் செய்த மதுரைச் சுங்குடியின் புள்ளிகள், புடவையாக இருப்பதைக் காட்டிலும் தளர்ந்த குர்த்தியாகத் தைத்தபோது இளமை பெற்று விளங்குவதைக் கண்டிருக்கிறேன். கட்டி அலுத்த பருத்திப் புடவை பீரோவில் கிடந்தால், அதன் ஐந்தரை மீட்டரில் இரண்டு குர்த்திகள் தேறும்; கரையைக் கழுத்துக்கும் கைக்கும் ஓரமாக வைத்துவிட்டால் அது பழைய புடவையென்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். அம்மாவின் செட்டிநாட்டுக் கட்டப் புடவை மகளுக்குச் சட்டையாவதும், மகளுடைய தொளதொளத்த டி-ஷர்ட் அம்மாவின் காலை நடைக்கு ஆவதும், ஒரே வீட்டில் இப்போது சாதாரணமாக நடக்கின்றன.

இருசக்கர வாகனம் ஓட்டுகிறவளுக்கும் பின்னால் உட்காருகிறவளுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற காப்பு ஒன்று வண்டியில் இருக்க வேண்டுமென்று சொல்லுகிறது. முந்தானையையும் துப்பட்டாவையும் மனசில் வைத்துச் சட்டமே இயற்றப்பட்டிருக்கும்போது, வாங்கிய அன்றே அழகு கெடுகிறதென்று அந்தக் கம்பி வலையைக் கழற்றிவிடுகிற வாலிபர்களை என்ன சொல்ல? ஆனால் வலை காப்பது ஒரு பக்கத்தைத்தான். கழுத்தைச் சுற்றிப் பின்னால் பறக்கும் ஷால் எந்தச் சட்டத்துக்கும் அடங்காது. அதை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சிட்டுக்கொள்ள வேண்டும். அல்லது ஷாலையே விட்டுவிட்டுக் கையில்லாத நீளக் கோட்டொன்றைக் குர்த்தியின்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். ஷாலுக்கு ஏற்பட்ட மரியாதை முழுவதையும் அந்தக் கோட்டு சுமந்துகொள்கிறது, கைகளுக்கும் விடுதலை. காலுக்குப் பின்வார் உள்ள செருப்பு போதும். குதிகால் உயர்ந்தவற்றைக் கல்யாண மண்டபத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

ஆயத்த ஆடைகளின் அளவைப் பற்றி நம்பிக்கை வைப்பதற்கில்லை. ஒரு கடையின் எல், மற்றொரு கடையின் எக்ஸெல் ஆக இருக்கிறது. இந்திய உடம்புக்கென்று ஓர் அளவுப் பட்டியல் வேண்டுமென்றுதான் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியாகிய நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேருடைய அங்கங்களை யந்திரத்தால் அளக்கும் காரியத்தை மேற்கொண்டது. அது பயன் தரும் வரையில், எண்ணைப் பாராமல் உடம்பைப் பார்த்து வாங்குவதே வழி. மார்புச் சுற்றளவுக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் தளர்ச்சி இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கும் அறையில் நிமிர்ந்து நின்று கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது. பஸ் கம்பியைப் பிடிப்பவள்போலக் கையை உயர்த்த வேண்டும், குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டுபவள்போலக் குந்தி எழ வேண்டும். கையை உயர்த்தும்போது குர்த்தி முழுவதும் கூடவே மேலே ஏறினால், அக்குள் வெட்டு அதிகம் இறங்கிவிட்டதென்று அர்த்தம். பெரிதாக வெட்டினால் சௌகரியம் என்று தையல்காரர்களில் சிலரே நினைக்கிறார்கள், உண்மை அதற்கு மாறானது. பக்கவெட்டு இடுப்பெலும்பின் மட்டத்தில் தொடங்க வேண்டும். அதற்கு மேலே போனால் காற்றில் வயிறு தெரியும், மிகவும் கீழே போனால் மாடிப்படி ஏறும்போது கால் தடைபடும்.

கடைசியாக, பாக்கெட்டு. நம் பாட்டிமார்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறை, பெட்டிச்சாவி எல்லாம் இருந்தன. தன் காசு தன் இடுப்பில் என்ற சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. அதற்குப்பின் வந்த உடைகளில் பெண்ணுக்குப் பை வைக்க எவருக்கும் தோன்றவில்லை. பர்ஸை ஜாக்கெட்டுக்குள்ளும், செல்போனைக் கையிலும், பஸ் டிக்கெட்டை வளையலுக்குள்ளும் செருகிக்கொண்டு அவள் காலந்தள்ளினாள். இப்போதுதான் கடைக்காரர்கள் பாக்கெட்டு வைத்த குர்த்தி என்று பலகையில் எழுதிப்போட்டு விற்கிறார்கள். ஆனால் பலவற்றில் மூன்று விரல்களுக்கு மேல் இறங்காத வெறும் நாமகரணப் பைதான் இருக்கிறது. தைத்துக்கொள்ளுகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பக்கவெட்டுள்ள குர்த்தியில் பைக்கு இடம் குறைவு, ஆதலால் அதனுடைய பேன்ட்டில் வைக்கலாம். வெட்டில்லாத ஏ-லைனில் கை இயல்பாக விழுகிற இடத்தில் பக்கத் தையலிலேயே வைக்கலாம். வாய் ஆறு அங்குலமும், வாய்க்குக் கீழே ஆழம் எட்டு அங்குலமும் இருந்தால் இந்நாளைய செல்போன் நிமிர்ந்து உட்காரும்; பைத் துணி மெல்லியதாயிருந்தால் சாவி ஓட்டை போடும் என்பதால் கெட்டியான காடாத்துணி கொடுக்க வேண்டும்; வாயின் இரு முனைகளிலும் இரட்டைத் தையல் கேட்க வேண்டும். லேடீஸ் டாப்ஸுக்கு எதற்கம்மா பாக்கெட்டு, துணி தூக்கிக் காட்டுமே என்று தையல்காரர் சொல்லுவார். சொல்லட்டும், ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கமாக வைக்கச் சொல்லிவிட்டு, கூலி ஐம்பது ரூபாய் கூடக் கேட்டாரானால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.